மாடி வீட்டம்மாவின் மூக்கு

என் கையை ஒருவர் முகர்ந்து பார்த்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு சந்துக்குள் ஒரு சந்து. படியில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆள் வாரம் ஒரு முறை ஸ்கூட்டரில் வந்து மாவையும் மூங்கில் குச்சியையும் போட்டுவிட்டுப் போவார். நான் பிசைந்து, உருட்டி, காயவைத்து, கட்டாகக் கட்டிக் கொடுப்பேன். அந்த வத்தியில் வாசனை ஒன்றும் இருக்காது. கம்பெனிக்குப் போன பிறகுதான் வாசனைச் செண்டில் முக்கி எடுப்பார்கள். மாவில் ஒட்டுவதற்கு ஜிகட் என்ற மரப்பட்டைத் தூளோடு கரியும் இருப்பதால் என் கை எந்நேரமும் கறுப்பாகவே இருக்கும். யாராவது வந்தால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வேன். பேச்சையும் அப்படித்தான். பிறந்த ஊரான ராமாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தபோதே, வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டால் பக்கத்துப் பிள்ளைதான் எழுந்து, "வந்திருக்குதுங்க சார்" என்று சொல்லும்.

அன்றைக்கு ஓர் அம்மா என் முன்னால் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு. நரைத்த கொண்டையில் ஒரு மரச் சீப்பு செருகியிருந்தது.

"கையக் குடு" என்றார்.

கைரேகை பார்க்கிறவராக்கும் என்று நினைத்தேன். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. நீட்டினேன். அவர் குனிந்து என் உள்ளங்கையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சந்தில் ஓர் ஆட்டோ வழி கேட்டு ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று நான்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன்.

"கரி. ஜிகட் பட்டைத் தூள். காலைல அரிஞ்ச வெங்காயம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். "கெட்டது ஒண்ணுமில்ல. நாளைக்கு மாடிக்கு வா."

எந்த மாடி என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சந்து திரும்பும் இடத்தில் ஒரு முஸ்லிம் பாய் மரப் பட்டறை வைத்திருந்தார். ஈட்டி மரப் பலகையில் வேறு வேறு நிறத்து மரத்துண்டுகளைப் பதித்து யானையும் மயிலும் செய்கிற பட்டறை. அதற்கு மேலே இருந்தவர் இவர். தெரு முழுக்க அவருக்கு மாடி வீட்டம்மா என்றுதான் பேர். தமிழ் வீட்டுப் பெண்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது மைசூர்; பேசினால் ஊடே கன்னடம் வரும். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகன், பெங்களூரில். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த அம்மா தவறிப்போய் இப்போது ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் அந்த மாடிப்படிதான் வருகிறது.

அந்தப் படியில் ஏறினால், ஏறுகிற மாதிரியே இருக்காது. தூக்கத்துக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். கீழ்ப்படியில் பாய் பட்டறையின் மரத்தூள், மிளகுத்தூள் மாதிரி மூக்கில் ஏறும். நடுப்படியில் தேன்மெழுகு. மேல்படிக்கு வந்தால் புகை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புகை. வெட்டிவேரும் சந்தனமும் குங்கிலியமும் ஒன்றின் மடியில் ஒன்று படுத்துக் கிடக்கும். வாசலைத் தாண்டிவிட்டால் தெருச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல ஆகிவிடும். மழை நாளில் அந்த ஜன்னலில் சாமுண்டி மலை தெரியாது, மேகம்தான் தெரியும். அது மேகமா, இல்லை இந்த வீட்டுப் புகைதான் வெளியே போய் நிற்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

வீட்டில் பார்ப்பதற்கென்று வைத்த பொருள் ஒன்றும் கிடையாது. எல்லாம் மரம், எல்லாம் புழக்கத்தில் இருப்பது. தலைக்கு வேப்பமரச் சீப்பு. குழம்புக்குப் பலாமரக் கரண்டி. மஞ்சள் குங்குமத்துக்கு வெட்பாலை மரக் கிண்ணம்; சென்னபட்டணத்து பொம்மைக்காரர்களிடம் போய், சாயம் ஏற்றுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கி வந்தது. மாத்திரை வைக்க ஓர் ஈட்டி மரப் பெட்டி. அதன் மூடியில் ஒரு யானை, தந்தம் இல்லாத யானை. பாய் பட்டறையில் யாரோ தந்தத்துக்கு இடம் வெட்ட மறந்துவிட்டார்கள். விற்காது என்று மூலையில் கிடந்ததை இந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். "இது பொம்பள யானைப்பா. நீ தப்பா ஒண்ணும் செய்யல" என்று பாய்க்கு ஆறுதல் வேறு.

வார்னிஷ் என்றால் ஆகாது. "மரத்துக்கு ரெயின்கோட் போட்டு வீட்டுக்குள்ள உக்கார வெப்பாங்களா?" என்பார். மாதம் ஒரு முறை தேன்மெழுகு தடவி, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஆடி மாத மழையில் பெட்டியின் மூடி ஊறிக்கொண்டு திறக்காது. நான் இழுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். "சும்னே இரு. அதுக்கு இன்னிக்குக் கோபம். நாளைக்குத் தானா வரும்." மாத்திரை உள்ளே இருக்கிறதே என்றால், "மாத்திரை எங்க ஓடிடப் போகுது?"

என்னை மாடிக்குக் கூப்பிட்டது வத்தி உருட்டத்தான். கடையில் வாங்குகிற எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சந்தனத் தூள், வெட்டிவேர்ப் பொடி, குங்கிலியம், ஒரு கிண்ணத்தில் தேன், ஒரு மண்சட்டியில் பிசுபிசுவென்று பழுப்பாக மட்டிப்பால். மட்டிப்பால் என்பது ஒரு மரத்தின் பிசின். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதைப் போட்டு உருட்டிய வத்தி லேசில் காயாது. கரி கிடையாது, செண்டு கிடையாது. ஒரு பலாப் பலகையை என் முன்னால் போட்டார். நான் உருட்டினேன். நிழலில் பத்து நாள் காய்ந்தது. ஒன்றை எடுத்து ஏற்றி, கண்ணை மூடி, "ம்" என்றார். அதற்குப் பிறகு இன்னொன்றை ஏற்றினார்.

அந்த "ம்" ஒன்றுதான் அவர் சொல்லும் நல்ல வார்த்தை. அதற்கு மேல் எதையும் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பிடிக்காவிட்டால் மட்டும் முழுசாகச் சொல்வார். ஒரு தடவை அரைக் கட்டு வத்தியை அப்படியே குப்பையில் போட்டார். "பைப்புத் தண்ணில பெசஞ்சிருக்கே. ப்ளீச்சிங் பவுடர் வாசம் வருது." உண்மைதான். அன்றைக்கு ஒரு நாள்தான் சோம்பலில் அப்படிச் செய்திருந்தேன்.

இந்த மூக்கை வைத்துக்கொண்டு அவர் யார் வீட்டுக்குப் போனாலும் வம்புதான். ஒரு புதுமனை புகுவிழாவுக்குத் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். வீட்டுக்காரம்மா பட்டுச்சேலை சரசரக்க வந்து, "வத்தி எப்டி இருக்கு மேடம்? மால்ல வாங்கினது, காஸ்ட்லி" என்றார். இவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "கக்கூஸ் கழுவின மாதிரி இருக்கு" என்றார். நான் இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். ஆட்டோவில் திரும்பும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானா போய்ச் சொன்னேன்? அவங்கதானே கேட்டாங்க?" என்றார்.

பாய் பட்டறைக்கு ஒருவர், உடைந்த மூலையை ஒட்டித் தரச் சொல்லி ஒரு சந்தனப் பெட்டி கொண்டுவந்தார். தாத்தா காலத்துப் பெட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இந்த அம்மா படி இறங்கினார். பெட்டியை வாங்கி மூக்கில் வைத்தார். "சந்தனம் இல்ல. சந்தன எண்ணெயில குளிச்ச மரம்." வந்தவர் முகம் கறுத்து, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அம்மா, உங்க காலுல விழறேன்" என்றார் பாய் கன்னடத்தில். "கீழ வர்றப்ப மூக்க மாடியிலயே வெச்சிட்டு வாங்க."

"கழட்ற மாதிரி செய்யலையே, என்ன பண்ண?"

ஆனால் புது மரம் வந்து இறங்கினால் பாய் முதல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குத்தான் ஓடுவார். அவர் "ம்" என்றால்தான் மற்றதை அறுப்பார்கள்.

கொரோனா வந்த வருஷம் அந்த அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தது. கஞ்சி வைத்து மேல்படியில் வைத்துவிட்டு வருவேன். இருமல் சத்தம் கேட்கும். பதினைந்து நாளில் எழுந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி பழைய ஆள்தான் என்று நினைத்தேன். வீட்டில் முன்னைவிட அதிகமாகப் புகை இருந்தது. ஒன்று அணைவதற்குள் இன்னொன்றை ஏற்றுவார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்தத் தசராவுக்கு கம்பெனியில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கட்டு கரி போடாத மசாலா வத்தி கொடுத்தார்கள், ரோஜா செண்டில் முக்கியது. அதையும் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன், அம்மாவுக்கு உருட்டியதையும் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரத்தில் மாற்றி எடுத்துப் போய்விட்டேன்.

அவர் ஒன்றை உருவி ஏற்றினார். அறை முழுக்க ரோஜா செண்டு. கல்யாண மண்டபத்து வாசலில் தெளிப்பார்களே, அந்த வாசனை. எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. உன் கைல இதுவரைக்கும் இவ்ளோ நல்லா வந்ததில்ல."

அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை. படி இறங்கி வந்தேன். மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது கட்டை மாற்றி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு, அந்த மூக்கு போய்விட்டது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாமல் இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை படியில் கால் வைக்கும்போதே கருகல் வாசனை. ஓடினேன். வீடு முழுக்கப் புகை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேப்பமரச் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் புகை என்பது எப்போதும் இருக்கிறதுதானே! தான் ஏற்றிய வத்திப் புகை என்றே நினைத்துவிட்டார். அடுக்களையில் பால் வற்றி, சட்டி சிவந்து, அதற்குள் போட்டிருந்த பலாமரக் கரண்டி பாதி கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது.

அடுப்பை அணைத்து, கரண்டியைத் தண்ணீரில் போட்டேன். "சுர்" என்றது. அவர் வந்து நின்று பார்த்தார். கரண்டியை எடுத்து, பழக்கத்தில் மூக்கில் வைத்தார். உடனே கீழே இறக்கினார்.

"எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?"

"ரோஜா வத்தியில இருந்துங்கம்மா."

"ரோஜாவா? எது ரோஜா?"

சொன்னேன். அவர் வாயில் கையை வைத்தார். "அய்யோ ராமா! ரோஜா செண்டையா நான் நல்லாருக்குன்னேன்?" சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தக் கரிக் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கரி என் கையிலும் ஒட்டியது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். "மகனுக்குத் தெரிஞ்சா பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போயிடுவான். அவன் வீடு பதினோராவது மாடி. குழந்தைக்கு இழுப்பு, ஒரு வத்திகூட ஏத்தக் கூடாது. இந்த மரமெல்லாம் அங்க எங்க வெப்பேன்? எனக்கு வாசம் தெரியலன்னாலும் இங்க இருந்தா, இருக்குன்னு நெனச்சுக்கலாம். அங்க போனா நெனைக்கக்கூட முடியாது. சொல்லமாட்டேதானே?"

"நான் எதைங்க சொல்லியிருக்கறேன், இதைச் சொல்ல?" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எனக்குக் கனவு மாதிரி இருக்கின்றன. மத்தியானம் வேலை முடித்துவிட்டுப் போவேன். அவர் ஏதாவது ஒன்றை எடுத்து என் மூக்கருகே நீட்டுவார்.

"சொல்லு."

"நல்லாருக்குதுங்க."

"நல்லாருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? எது மாதிரி இருக்கு?"

எனக்கு வார்த்தை வராது. அவர் விடமாட்டார். கண்ணை மூடிக் காத்திருப்பார். மெல்ல மெல்ல, எங்கிருந்தோ வர ஆரம்பித்தது. வெட்டிவேரை முகர்ந்து, "கெணத்துல இருந்து வாளி மேல வர்றப்ப, கயித்துல ஒரு வாசம் இருக்குமுங்க, அது" என்றேன். மட்டிப்பாலுக்கு, "குளிப்பாட்டித் தூங்க வெச்ச கொழந்தையோட உச்சந்தலைங்க. அதுல தேன் ஒரு சொட்டு." பாய் கொண்டுவந்த புது ஈட்டித் துண்டுக்கு, "கோயில் நடைய தொறந்ததும் மொதல்ல வெளிய வருமே ஒரு காத்து."

"நேத்து இதையே மழ பேஞ்ச செம்மண்ணுன்னே."

"நேத்து அது காஞ்ச துண்டுங்க. இது பச்சைங்க."

அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வரும். என்னைத் திருத்துவார், சண்டை போடுவார், கிண்டல் செய்வார். "உனக்கு எதைக் குடுத்தாலும் மாடும் கெணறும்தான் வருது. மைசூர் வந்து நாப்பது வருஷமாச்சு. மைசூர்ல ஒரு வாசமும் இல்லையா?" அப்புறம் நான் ஊரையும் முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். மார்க்கெட்டில் மல்லிகைப் பந்து கட்டும் இடம், சாயங்கால பஸ் நிலையம், மழைக்கு முன்னால் அரண்மனைப் பக்கத்துக் குதிரை வண்டிகள். எல்லாவற்றையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவதுபோலக் கொண்டுவந்து அவரிடம் சொல்வேன். அதுவரைக்கும் என் வீட்டுக்காரரிடம்கூட ஒரு நாளைக்கு இவ்வளவு பேசியதில்லை.

"வருதுங்களாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலேயே, "இல்ல" என்றார். "ஆனா வர்ற வழி தெரியுது."

அந்த நாட்கள் அப்படியே போயிருக்கலாம். ஒரு மத்தியானம் நடுப்படியில் எனக்கு மூச்சு முட்டியது. மெழுகும் இல்லை, மரத்தூளும் இல்லை. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. கேஸ். மேலே போனேன். ஜன்னல்கள் மழைக்காக மூடியிருந்தன. அவர் பூஜை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் வத்தி, ஒரு கையில் தீப்பெட்டி.

"கீழ போடுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் கையிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. நான் அடுப்புக் குமிழை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்தேன். சாரல் உள்ளே அடித்தது.

"ஏனாயித்தம்மா?" என்று, என்ன ஆனதெனக் கேட்டுக் கீழேயிருந்து பாய் கத்தினார்.

"ஹல்லி!" என்றார் இவர். பல்லியாம்.

"பல்லிக்கா இப்படிக் கத்தறாங்க?" என்று பாய் முணுமுணுத்தது கேட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இனிமே ஜன்னலத் தொறந்தே வெக்கிறேன்" என்றார். "அவ்ளோதானே?" அன்றைக்கு அவர் எந்த வாசனையையும் சொல்லச் சொல்லவில்லை. அடுத்த நாள் போனபோது ஜன்னல் மூடியிருந்தது. மழை, அதனால் மூடினாராம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். நல்ல பையன். மாதம் ஒரு முறை வருவார், பழம் வாங்கி வருவார், அம்மாவைப் பெங்களூருக்குக் கூப்பிடுவார், சண்டை போட்டுவிட்டுப் போவார். நான் ஓரத்தில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, அம்மா கரெக்டா சாப்பிடறாங்களா? போன்ல கேட்டா 'எல்லா சரி இதெ'ன்னு மட்டும்தான் சொல்றாங்க. நீங்களாவது நிஜம் சொல்லுங்க" என்றார் விளையாட்டாக.

எப்போதும் தலையாட்டுவேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். பாதி உரித்த ஆரஞ்சை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு வாசம் தெரியறதில்லீங்க" என்றேன். "காய்ச்சல் வந்ததுல இருந்தே இல்லீங்க. பாலு கருகுனாலும் தெரியாது. கேஸு தொறந்து கெடந்தாலும் தெரியாது. ரண்டு தடவ ஆயிப்போச்சுங்க."

"அவ சும்னே பயப்படறா" என்றார் அம்மா.

மகன் ஆரஞ்சுச் சுளையை எடுத்து அம்மாவின் மூக்கடியில் வைத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் சுளையைத் தட்டில் வைத்தார்.

"பேக் பண்ணும்மா. இன்னிக்கே."

"நான் வரல."

"கேக்கல நான். பேக் பண்ணுன்னு சொல்றேன்."

பேசத் தொடங்கியாகிவிட்டது, இனி பயந்து என்ன? மாவுக் கையோடு எழுந்து நின்றேன். "ஏனுங் தம்பி, கேஸத்தான் எடுத்துருங்க. கரண்டு அடுப்பு ஒண்ணு வாங்கிக் குடுங்க. காலையில ஆறு மணிக்கும், வெளக்கு வெக்கற நேரத்துக்கும் நான் வந்து பாத்துக்கறேன். வத்தி ஏத்தறப்ப கூடவே இருக்கறேன். அம்மா இங்கயே இருக்கட்டும். மூக்கு போனது போதுமுங்க, வீடும் போக வேண்டாம்."

அவர் என்னை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அம்மாவும் அப்படித்தான் பார்த்தார். கடைசியில் மகன், மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொன்னார். அன்று சாயங்காலமே புது அடுப்பு வந்தது. பாயின் ஆட்கள் சிலிண்டரைக் கீழே தூக்கிப் போனார்கள். மகனும் வழிகாட்டிக்கொண்டே பின்னால் இறங்கினார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"உன் கைய மோந்து பாத்துதான் உள்ள விட்டேன்" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "வாய மோந்து பாக்கணும்னு தோணல. போ. இனிமே வர வேண்டாம்."

வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

ஆனால் சொன்ன சொல் மகனிடம் சொன்ன சொல். மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே செருப்பில்லாத காலடி நடந்துபோனது. சரி என்று கதவிடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தேன். கருகல் இல்லை. இறங்கி வந்துவிட்டேன். சாயங்காலமும் அப்படியே. தினமும் இரண்டு வேளை. பாய் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "ஏனம்மா, மேல இருக்கறவங்க மூக்கே எனக்குத் தாங்கல. இப்ப நீயும் ஆரம்பிச்சிட்டியா?" நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கும். பூட்டாத ஒரு வீட்டின் வாசலில் நாய்மாதிரி நின்று முகர்ந்துவிட்டுப் போவது யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது?

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. வந்து நிற்கிற எனக்குக் கஷ்டமாக இருந்ததைவிட, உள்ளே ஒருவர் தன்னந்தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு வாசனையை யார் சொல்வார்கள் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை நல்ல மழை. குடையை மடக்கிவிட்டு இடுக்கில் முகத்தை வைத்தேன். கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, மிக அருகில், குரல் வந்தது.

"நிக்கறியா?"

"நிக்கறேனுங்க."

"ஏதாவது கருகுதா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன இவ்ளோ நேரம் என்ன மோப்பம்? என்ன வாசம் வருது?"

"ஒண்ணுமில்லீங்க. வீட்டு வாசந்தானுங்க."

உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன்.

"என் வீட்டுக்கு வாசம் இருக்கா?" என்றார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது. "ஊர்ல எல்லார் வீட்டு வாசமும் எனக்குத் தெரியும். மூக்கு நல்லா இருந்தப்பகூட இது தெரிஞ்சதில்லையே. இருக்கா நிஜமா?"

"இருக்குதுங்க."

"எது மாதிரி?"

நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டேன். நனைந்த சேலை காலில் ஒட்டியது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். மழைக்கு ஊறின மரப்பெட்டிங்க. அதுக்குள்ள எப்பவோ தேன் கொட்டி, யாரோ தொடச்சிருக்காங்க. நேத்து ஏத்துன வத்தியோட சாம்பல். அடியில பழைய வேட்டித் துணி. அதுக்கும் அடியில, தலைக்கு எண்ண வெச்சுட்டு வெயில்ல உக்காந்திருக்கற ஒரு பொம்பளைங்க. எல்லாத்துக்கும் மேல மெலுசா மெழுகு, பூச்சி ரெக்கை மாதிரி. படியேறி வர்றவங்களுக்குப் பேச்சு நின்னு போகுமுங்க அதுல. எனக்கு மொத நாளு நின்னு போச்சு.

சொல்லி முடித்துவிட்டு நின்றேன். கதவுக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்டது, நீளமாக உள்ளே இழுத்து, மெதுவாக விடுகிற மூச்சு. இரண்டு மூன்று தடவை.

"அதுல ஈட்டி எவ்ளோ, பலா எவ்ளோ?" என்றது குரல். பழைய கறார்க் குரல்.

"வெளிய இருந்து அவ்வளவு தெரியலீங்கம்மா."

தாழ்ப்பாள் நகர்ந்தது. மழையில் ஊறிய கதவு லேசில் வரவில்லை. அவர் உள்ளேயிருந்து இழுத்தார், நான் வெளியேயிருந்து தள்ளினேன்.

"அப்போ உள்ள வந்து மோந்து பாத்துச் சொல்லு" என்றார்.